நர்சம்மா வண்டிக்குப் போட்ட கட்டு

நர்சம்மா போட்ட கட்டு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாளில், அவர் கட்டுப் போட்டுவிட்ட காலோடு ஒருவன் பந்தாடப் போனானாம். கால் மறுபடி உடைந்ததே தவிர கட்டு அசையவில்லையாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நர்சம்மாவும் மறுத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஆறாத சர்க்கரைப் புண், ஆபரேஷன் தையல், படுத்தே கிடப்பவர்களின் முதுகுப் புண் என்று வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுவார். போவது ஒரு பழைய எலக்ட்ரிக் பைக்கில். முன்னால் மருந்துப் பெட்டி, பின்னால் காலி சீட்டு, நடுவில் நிமிர்ந்த முதுகோடு நர்சம்மா. தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் சட்டையே செய்யமாட்டார்.

கணவர் காலமான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மகள் தங்கமானவள்தான். ஆனால் அம்மா வாளியைத் தூக்கக்கூடாது, ஸ்டூலில் ஏறக்கூடாது, பரணில் கை வைக்கக்கூடாது. வண்டி இருக்கிறவரைக்கும் தான் வேலைக்குப் போகிற ஆள், அது போய்விட்டால் டிவிக்கு எதிரே உட்கார்த்திவைக்கப்படுகிற ஆள் என்பது நர்சம்மாவுக்கு நன்றாகவே தெரியும்.

அப்பேர்ப்பட்ட வண்டிதான் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் பொசுக்கென்று நின்றது. வேகம் குறைந்து, முனகி, அப்புறம் நின்றிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பேட்டரி முழுசாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த விளக்கோடு சேர்ந்து எல்லாம் ஒரே நொடியில் செத்தது. பின்னால் வந்த லாரி அலறிக்கொண்டு ஒதுங்கியது. ஓரமாகத் தள்ளிப்போய், கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் தெரியாத பூனை மாதிரி கிளம்பியது.

வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து நின்றாள்.

"வண்டி பாலத்துல நின்னுச்சா இல்லையா?"

"யாருடி சொன்னா உனக்கு?"

"யார் சொன்னா என்ன? அதை வித்துடலாம்மா."

"வித்துட்டு?"

"வீட்ல இரு."

அந்த இரண்டு வார்த்தைக்காகவே நர்சம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கத்தித் தீர்த்தார். மகளும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. மெக்கானிக் சரிபண்ணட்டும், ஞாயிற்றுக்கிழமை மகள் பின்சீட்டில் உட்காருவாள். நிற்காமல் பாலத்தைக் கடந்தால் வண்டி அம்மாவுக்கு. நடுவில் நின்றால் அன்றைக்கே விற்றாகிவிடும்.

"ரெண்டு பேரை ஏத்திக்கிட்டே ஏறும், பாத்துக்கோ," என்றார் நர்சம்மா. எதனால் நிற்கிறது என்றே தெரியாமல் விட்ட சவால் அது.

கடைவீதியில் ஒரு மெக்கானிக் உண்டு. எதைக் கண்டாலும் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பதால் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரைத் திருகினார். சக்கரம் ஜோராகச் சுற்றியது. பேட்டரியில் மீட்டரை வைத்தார், குறை சொல்ல முடியவில்லை. ஃபியூஸை மாற்றினார். பிரேக் பிடித்தால் மோட்டாரை அணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு, அது சிக்கிக்கொள்கிறதோ என்று துடைத்துப் போட்டார். ஆக்ஸிலேட்டர் வயரைப் புதிதாக்கினார். ஒவ்வொரு தடவையும் கடைவீதியில் பறந்தது, பாலத்தில் நின்றது.

"பேட்டரிதான் நர்சம்மா. வயசாயிடுச்சு."

"வயசானா உடனே தூக்கிப் போட்டுடுவியா?"

மெக்கானிக் மறுபடியும் பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

"நீ என்னமோ ஆளைப் படுக்கவெச்சே நாடி பாக்கறே," என்றார் நர்சம்மா. "படுத்திருந்தா எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். எங்க வலிக்குதுன்னு கேக்கறதை விட்டுட்டு எப்போ வலிக்குதுன்னு கேளு. ஏத்தத்துலதானே நிக்குது? வா, அங்கயே போய்ப் பாப்போம்."

விடிந்ததும் லாரிகள் வருவதற்குள் இருவரும் போனார்கள். மீட்டர் ஓட்ட, நர்சம்மா பின்னால் உட்கார்ந்தார். பாதி ஏற்றத்தில் பொசுக்.

"சாவியைத் தொடாதே! சீட்டைத் தூக்கு!"

வீங்கின காலில் சூடு எங்கே என்று தேடுகிற அதே புறங்கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்தார். பேட்டரி சில்லென்று இருந்தது. மோட்டாருக்குக் கரண்டை அளந்துவிடும் பெட்டி வெதுவெதுப்பு. அதற்கும் பேட்டரிக்கும் நடுவில், பிளாஸ்டர் சுற்றிய ஒரு வயர் இணைப்பில் வைத்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இங்கதான்யா சுடுது! எந்த மடையன் சுத்தினது இதை?"

மீட்டர் தலையைச் சொறிந்தார். "அது… நீங்க போட்ட கட்டு நர்சம்மா."

நர்சம்மா முகத்தில் ஈயாடவில்லை. எப்போதோ அந்த இணைப்பின் பிடிப்பு உடைந்து ஆட ஆரம்பித்தபோது, மருந்துப் பெட்டியிலிருந்த பஞ்சும் துணியும் வைத்து, பிளாஸ்டரை எட்டு வடிவில் சுற்றி இறுக்கியது அவரேதான்.

"ஏன்யா இத்தனை நாள் இதைப் பிரிச்சுப் பாக்கல?"

"அவ்வளவு அழகா இருந்துச்சும்மா. பிரிக்க மனசு வரல."

கடையில் வைத்துப் பிரித்தார்கள். பஞ்சு மழையையெல்லாம் குடித்துக் குடித்துப் பழுப்பேறிக் கிடந்தது. உள்ளே பித்தளை முனைகள் பச்சைக் களிம்பு பிடித்து, ஓரம் கருகியிருந்தன. சமதரையில் எப்படியோ சமாளித்திருக்கிறது. ஏற்றத்தில் மோட்டார் கரண்டை வாரி இழுக்கும்போது தாங்காமல் சூடேறிக் கைவிட்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றார் மீட்டர்.

"புண்ணுக்குக் காத்து வேணும் நர்சம்மா. வயருக்குக் காத்தும் கூடாது, ஈரமும் கூடாது."

"சரிய்யா, உன்னைத் திட்டினது அத்தனையும் வாபஸ்," என்று நர்சம்மா வாய்விட்டுச் சிரித்தார். கருகினதை வெட்டி எறிந்து புது இணைப்புப் போட்டு, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உறையால் மீட்டர் மூடினார். அன்றைக்கே பாலத்தை ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நர்சம்மா ராணி மாதிரி வண்டியைக் கிளப்பினார். பாலம் ஏற ஆரம்பித்ததும் மகளின் கைகள் இடுப்பைச் சுற்றி வந்தன. அன்றைக்கு நின்ற இடம் நெருங்க நெருங்க, மூச்சு முட்டும் அளவுக்கு இறுகின. வண்டி நிற்கவில்லை. உச்சியைத் தாண்டி, இறங்கி, அடியிலிருந்த பஸ் நிறுத்தத்தில் நர்சம்மா ஓரங்கட்டினார். ஜெயித்தாயிற்று. ஆனால் இடுப்பைப் பிடித்த பிடி விடவில்லை.

அது அதிகாரம் பண்ணுகிற கையில்லை. பயந்த கைக்கும் அதிகாரம் பண்ணுகிற கைக்கும் உள்ள வித்தியாசம் நர்சம்மாவுக்குத் தெரியாதா? ஊரில் எல்லாரையும் எப்போ வலிக்குது என்று கேட்டவர், வீட்டில் இருக்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னடி கண்ணு?"

"அன்னைக்கு நான் பின்னாடி பஸ்ல வந்துட்டிருந்தேன்மா. உன் வண்டி நிக்கறதைப் பாத்தேன். அந்த லாரி உன்னை மறைச்சிடுச்சு. அது விலகற வரைக்கும்…"

"சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா நீ சிரிப்பே."

சிரித்துத்தான் இருப்பார். அது நிஜம் என்பதால் நர்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை அணைத்து, சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"உனக்கு அவ்வளவு பயமா இருந்தா வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்."

மகள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு இறங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் கையாலேயே அதை வண்டியில் செருகினாள்.

"கணக்கு வாத்தியாருக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணும்ல? நீ போ. நான் பஸ்ல வீட்டுக்குப் போயிக்கறேன். அங்க இறங்கினதும் ஒரு ஃபோன் மட்டும் பண்ணும்மா."

ஃபோன் பண்ணச் சொன்னால் நர்சம்மாவுக்கு எப்போதும் பிடிக்காது. அன்றைக்கு வாத்தியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், மருந்துப் பெட்டியைக்கூட இறக்காமல் முதலில் ஃபோனை எடுத்தார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.