முதலில் ரொட்டி, பிறகு விலங்கு

"ரொட்டி எங்க?"

இதைக் கேட்ட பிறகுதான் ஜந்திரா காதில் செருகிய பென்சிலை எடுக்கிறாள். எதிரில் நிற்பவர் ரொட்டிப் பையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் அதைத் தொட்டுச் சூடு பார்ப்பாள். "சரி, சொல்லு. என்ன கனவு?"

எங்கள் பகுதியான மதுரேராவின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரொட்டிக்கடை வாசலில் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் சில எண்கள் உள்ள இருபத்தைந்து விலங்குகளில் ஒன்றின்மேல் பணம் கட்டுவோருக்குச் சீட்டு எழுதித் தருகிறாள். முதலை கனவில் வந்தால் முதலை. மாமியார் வந்தால், "பாம்பா, பசுவா? நீயே சொல்லிரு." சட்டப்படி இது குற்றம். போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பினால், நாற்காலியைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு ரொட்டி வாங்க வந்தவளாகிவிடுவாள்.

அவளைப் புகழ எனக்குத் தயக்கம் உண்டு. அவளுக்கு மேலே உள்ள முதலாளியின் கை சுத்தம் என்று தெருவில் யாரும் சொல்வதில்லை. தோற்பவர்களின் காசில்தான் அவள் அடுப்பும் எரிகிறது. "நான் என்ன கன்னியாஸ்திரீயா?" என்று அவளே கேட்பாள். ஆனால் ரொட்டி விதி முதலாளி போட்டதல்ல, அவளுடையது. "பசியோட வர்றவன் பெருசா கட்டுவான். எனக்கு அவன் வேணாம்."

என் தம்பி நில்டோ கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். அவனைப் பிடித்தது கைபேசியில் ஆடும் பந்தயம். அது சட்டத்துக்கு உட்பட்டது; வரி கட்டுகிறது, விளம்பரம் செய்கிறது. சேமிப்பு முழுவதும் அதில் போனதும் அவன் மனைவி ஜுசாரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள். அவன் அதை விட்டால்தான் திரும்புவாளாம்.

ஒரு காலை அவன் வாடகைப் பணத்தைச் சுருட்டிப் பிடித்தபடி ஜந்திராவின் முன் வந்து நின்றான். நான் பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இறந்துபோன எங்கள் அம்மா அவன் கனவில் வந்தாளாம். அப்படி வந்தால் கல்லறை எண்ணைக் கட்டுவது இங்கே வழக்கம்.

"ஜந்திராக்கா, அம்மா கல்லறை நம்பர். மொத்தத்தையும் எழுது."

"ரொட்டி எங்க?"

"வெளயாடாதக்கா. அம்மா சிரிச்சா, தெரியுமா?"

"உங்கம்மா சாகுற வரைக்கும் என்கிட்டதான் கட்டுனா. ஒருநாள் ஜெயிச்சதில்ல. செத்த பெறகு அதிர்ஷ்டம் வந்துருச்சாக்கும்!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ எழுதுறதே திருட்டுச் சீட்டு. போன்ல ஆடுனா கவர்மெண்டே கேக்காது. அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுது!"

"கூப்பிடும்டா. வீட்டுக்குப் போடான்னு எப்பவாவது சொல்லுச்சா?"

ஜந்திரா கையை நீட்டினாள், பணத்துக்காக அல்ல.

"அந்தப் போனைக் குடு. வேலை முடிஞ்சதும் வா. ஜுசாராகிட்டப் பேசணும்னா என் எதிர்லயே பேசு. பேசிட்டு இங்கயே வச்சிட்டுப் போ."

நில்டோ போனைக் கொடுத்துவிட்டு, கடைக்குள் போய் ரொட்டி வாங்கி வந்தான். கல்லறை எண்ணுக்கு உரிய விலங்கு பூனை. அதன்மேல் ஒரே ஒரு ரெயால் காசு மட்டும் ஜந்திரா எழுதிக்கொண்டாள். அன்று குலுக்கலில் விழுந்தது கழுதை.

இப்போது ஜுசாரா திரும்பிவிட்டாள்; என் வீட்டு மாடியில் நில்டோவின் குழந்தை மறுபடி அழுகிறது. படிக்க முடியவில்லை. அந்த அழுகைக்காக நான் ஜந்திராவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நில்டோ இரவில் போனை வீட்டுக்கு எடுத்து வந்தாலும், இன்றும் பட்டறைக்குப் போகும் வழியில் அவளிடம் விட்டுத்தான் போகிறான்.

விலங்குச் சீட்டையும் சட்டபூர்வமாக்கலாமா என்று கடையில் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். நேற்று ஜந்திராவிடமே கேட்டேன்.

"ஆக்கட்டுமே. ஏசி ரூமு குடுப்பானுங்க. நாலு பேரு முன்னாடி ரொட்டி எங்கன்னு கேக்க விடுவானுங்களா? அதையும் சட்டத்துல எழுதிட்டு ஆக்கட்டும்."

அப்போது நாற்காலிக்கு அடியில் இருந்த பிஸ்கட் டின் கடகடவென்று நடுங்கியது. உள்ளே நில்டோவின் போன். பந்தயம் அவனைப் பேர் சொல்லி அழைக்கிறது போலும். ஜந்திரா குனிந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தூக்கி டின் மூடியின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரின் ரொட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.