சோடா இல்லாத பாய்லர்

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, ரயில் பாதையோரமாகக் கிள்ளானை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அன்று மதியம்தான் எண்ணெய்க் கிடங்கில் என் வேலை போயிருந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் கன்னத்தில் விட்ட அறையில் காது இன்னும் இரைந்தது.

கப்பலில் வரும் மண்ணெண்ணெயைத் தொட்டிகளுக்கு ஏற்றும் பம்பு நீராவியில் ஓடும். அந்தப் பாய்லருக்கு நானும் இன்னொருவரும் தீ போட்டோம். அங்கே கிடைப்பது சதுப்புத் தண்ணீர். பால் விடாத கோப்பி நிறம், இரும்பைத் தின்னும் புளிப்பு. புளிப்பை முறிக்கத் தினமும் சலவைச் சோடா கரைத்துத்தான் உள்ளே விட வேண்டும்.

பெரிய துரை பார்வையிட வருகிறார் என்று மண்டோர் சோடாப் பீப்பாயை பங்களா டோபிக்கு அனுப்பிவிட்டார். வெள்ளை உடுப்பு பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சில வாரம் பாய்லர் வெறும் தண்ணீரைக் குடித்தது. அன்று காலை கழுவத் திறந்தால், உள்தகடெங்கும் அம்மைத் தழும்பு போலக் குழிகள்.

"கப்பல் நிக்குது. தீ மூட்டுங்கடா!" வாசலில் நின்று மண்டோர் கத்தினார்.

"தகடு தாங்காதுங்க. வெடிச்சா வெந்து போயிருவோம்" என்றேன்.

கூட்டாளி என் சட்டையை இழுத்தார். "சும்மா இரு லா தம்பி. நீ ஒண்டிக்கட்டை. எனக்கு மூணு புள்ளைங்க."

"அதுக்குத்தாண்ணே சொல்றேன்."

மண்டோர் சிரித்தார். "பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குடா தீ வேலை? போயி வெத்தலை மடி!"

"சரிங்க, மூட்டுறேன். ஆவி ஏறுற வரைக்கும் நீங்க எம்பக்கத்துல வந்து நில்லுங்க."

அவர் கால் வாசலைத் தாண்டவில்லை. "எனக்கு ஆபீஸ்ல வேலை கெடக்கு" என்றார். கூட்டாளி அந்தக் காலையே பார்த்தார். பிறகு மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

இரண்டு பேரையும் விரட்டினால் துரையிடம் காரணம் சொல்ல வேண்டும். மண்டோர் என்னை மட்டும் அடித்துத் துரத்திவிட்டு, தகட்டைப் பார்க்கப் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். நான் கேட்டைத் தாண்டும்போது, பங்களாவிலிருந்து சோடாப் பீப்பாய் எதிரே உருண்டு வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை கிள்ளானில் ஒரு மர ஆலையில் பாய்லருக்கு ஆள் தேடினார்கள். வயிறு காலி. ஆனாலும் கூலியைக் கேட்பதற்கு முன் பாய்லரின் உள்ளே காட்டச் சொன்னேன். முதலாளி முறைத்தார், காட்டினார், சேர்ந்தேன். இன்றும் வேலை கேட்டுப் போனால் அப்படித்தான். பிடிக்காதவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.