லாரி எண் கேட்கும் பெட்டி

உளுந்தூர்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றுக்கு நான் எழுதிய ஆன்லைன் புரோகிராமை, ஓட்டாமலேயே படித்துப் பிழை பிடிக்கும் ஒரு மென்பொருளிடம் இன்று கொடுத்தேன்.

ஒரு வரியில் சிவப்புக் கோடு போட்டது. லாரி எண் கேட்கும் பெட்டியில் எதைத் தட்டினாலும் அது அப்படியே டேட்டாபேஸ் கட்டளைக்குள் போகிறதாம்; வெளியாள் யாரும் உள்ளே இருக்கும் கணக்கை உருவிவிடலாமாம்.

"ஓட்டவே இல்ல, அதுக்குள்ள எப்டி தம்பி தெரிஞ்சுது?" என்றார் முதலாளி.

"தட்டுற எழுத்து எங்க போய்ச் சேருதுன்னு தடம் பிடிக்குதுங்க."

"நம்ம ஊர்ல யாரு தம்பி அதெல்லாம் பண்ணப் போறாங்க?"

எண்ணுக்குப் பதிலாக ஒரு குறும்புக் கட்டளையைத் தட்டினேன். எல்லா லோடுகளின் வாடகையும் திரையில் கொட்டியது.

முதலாளி எழுந்து எதிரே இருந்த போட்டி புக்கிங் ஆபீசைப் பார்த்தார்.

"அவனுக்கும் இதே புரோகிராம்தான போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமாங்க."

"நம்மளத இன்னைக்கே சரி பண்ணுங்க, அவனுத மெதுவா பண்ணுங்க."

அவர் வாங்கிக் கொடுத்த டீ இன்னும் கையில் இருக்கிறது. எதிர் ஆபீஸ்காரர் கையாட்டிக் கூப்பிடுகிறார். போகவா, வேண்டாமா?