கல்லுக்குப் பின்னால் ஒரு டப்பா

என் பட்டியலில் அந்தக் கல்லின் எண் நாற்பத்தொன்று. வரிசை எண், அட்சரேகை, தீர்க்கரேகை, வகை, உயரம், நிலை, பாதுகாவலர் என ஏழு பத்திகள் வைத்திருந்தேன். நாற்பத்தொன்றுக்கு நேரே, கடைசிப் பத்தியில், 'யாருமில்லை' என்று நிரப்பினேன். கல்லின் மேல் எண்ணெயும் மஞ்சளும் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அப்படி நிரப்பினேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். தருமபுரியில் ஒரு சர்வே அலுவலகத்தில் வேலை. ஒருமுறை தொப்பூர்ப் பக்கம் சாலையோரம் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பரோட்டாக் கடையின் பின்புறம் பழைய மைல்கல் ஒன்றைப் பார்த்தேன். அதன்மேல் தண்ணீர் டிரம் ஏற்றி வைத்திருந்தார்கள். எண் பாதி தேய்ந்திருந்தது. புகைப்படம் எடுத்து இணையத்தில் போட்டேன். அதைப் பார்த்து ஒரு சிறு குழுவினர் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சேலம், ஓசூர், பெங்களூர் என்று பல ஊர்க்காரர்கள், என்னோடு எட்டுப் பேர். இதுவரை யாரையும் நேரில் பார்த்ததில்லை.

அது ஒரு விளையாட்டு. சாலையோரத்துப் பழைய கல் எதையாவது கண்டுபிடித்து, அதன் அருகில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை மறைத்து வைக்க வேண்டும். இடத்தின் ஆயத்தொலைவுகளை ஆப்பில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு வந்து தேடுவார்கள். டப்பாவுக்குள் ஒரு காகிதம் இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் ஏதாவது எழுதலாம். இல்லையென்றால் தன் அடையாளமாக ஒரு சில்லறைச் சாமானை உள்ளே போடலாம். குழுவுக்கான விதிகளை நான்தான் எழுதினேன். தோண்டக் கூடாது, உடைக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது, வேலி தாண்டக் கூடாது. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது அந்த விதிகளில் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

நாற்பத்தொன்று ஒரு நடுகல். ஏரியூர் சாலையிலிருந்து பிரியும் மண்தடத்தில், நிலக்கடலைக் காட்டின் ஓரம், வேப்பமரத்தடியில் நிற்கிறது. வில்லும் கத்தியும் பிடித்த ஒரு வீரன், தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து தெரியவில்லை. ஸ்கூட்டியில் இருந்த தண்ணீர் பாட்டிலையும், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றையும், ஒரு ஷாம்பு பாக்கெட்டையும் எடுத்தேன். நாற்பது நிமிடம் தேய்த்தேன். கல் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எழுத்துகளின் பள்ளத்தில் கோலமாவைத் தடவினேன். எழுத்து பளிச்சென்று படத்தில் விழுந்தது. கல்லின் பின்புறம், சிறு கற்களுக்கு இடையில், டப்பாவை வைத்தேன். உள்ளே நான் போட்டது ஒரு சாவிக்கொத்துப் பொம்மை. ஆறு பொம்மை கொண்ட ஒரே பாக்கெட்டாக வாங்கியிருந்தேன். தலையில் இருந்த வளையங்கள் மட்டமானவை, வாங்கிய அன்றே கழன்றுவிட்டன. எல்லாப் பொம்மைக்கும் காலில் சிவப்புக் கயிறு கட்டினேன்.

அந்தப் படத்துக்குக் குழுவில் ஏழு பேரும் கைதட்டல் போட்டார்கள். அன்று மாலை முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து நாளைக்குள் நாலு பேர் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த ஆள், டப்பாவைக் காணோம் என்று எழுதினார். ஏரியூரில் அலுவலக வேலை இருந்த ஒருநாள், நானே பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கல் மறுபடியும் மஞ்சளாக இருந்தது. புது எண்ணெய், மேலே சிவப்புத் துணி. நான் குனிந்து கல்லின் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். டப்பா இல்லை.

"ஏம்மா, என்னத்த தேடறீங்க?"

ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், களைக்கொத்தோடு காட்டுக்குள்ளிருந்து வந்தார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. சும்மா கல்லப் பாத்தேன்."

"சர்வேகாரங்களா? சட்டையப் பாத்தா அப்படித்தான் தெரியுது." நான் அலுவலகத்தின் பச்சை நிற ஒளிரும் மேல்சட்டையைப் போட்டிருந்தேன். "எங்க காட்டுல எதுனா ரோடு கீடு வருதா?"

"இல்லீங்கக்கா."

"அப்படின்னா வந்து மோர் குடிங்க. வருதுன்னு சொல்லியிருந்தா பச்சத் தண்ணிகூடக் கெடையாது."

அவருடைய வீடு காட்டுக்கு அந்தப் பக்கம்தான். வாசலில் நின்றபடியே மோரை வாங்கினேன். "அந்தக் கல்லுகிட்ட ரொம்ப நேரம் நிக்காதீங்க கண்ணு. எங்க வேடியப்பன் அது. யாரோ செய்வின வெச்சுட்டாங்க" என்றார்.

டம்ளர் என் கையிலேயே நின்றது.

"அமாவாசைக்கு மட்டுந்தான் வெளக்குப் போடறது. அன்னிக்கு விடியால போறேன், கல்லு மூஞ்சி பூரா மாவு. எத்தன வருசத்து எண்ணெ! அத்தனையும் கழுவி உட்டுட்டு சாமிய அம்மணமா நிக்க வெச்சிருக்குது. பொறவால பாத்தா ஒரு டப்பா. உள்ளார ஒரு பொம்ம, காலுல செவப்புக் கவுறு. ஒரு சோழி. ஒரு துருப்புடிச்ச சாவி. ஒரு காயிதம். அதுல கன்னடத்துல என்னமோ கிறுக்கியிருக்குது."

அவர் சொல்லச் சொல்ல என் மனம் பழக்கதோஷத்தில் சரிபார்த்துக்கொண்டே போனது. பொம்மை என்னுடையது. சோழி சேலத்துக்காரர் போட்டது. சாவி ஓசூர்க்காரர். கன்னடம் பெங்களூர்த் தம்பதி எழுதியது.

"அதுக்கு ஒரு வாரம் முன்னதான் எம் பையன் தொப்பூர் எறக்கத்துல லாரிக்கு ஒதுங்கப்போயி வண்டியோட உழுந்தான். காலுல ராடு வெச்சிருக்குது. பொம்ம காலுல கவுறு கட்டுனது எதுக்குன்னு அப்பத்தான புரிஞ்சுது."

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சர்வே எடுப்பதுபோல இருந்தது.

அவர் வேப்பமரத்துக்கு அப்பால் இருந்த ஓட்டு வீட்டைத் தாடையால் காட்டினார். "எங்கொழுந்தனார் பொண்டாட்டி. என் ஓரகத்தி. ரெண்டு வூட்டுலயும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். பார்டர் பக்கத்து ஊருக்காரி. பாகம் பிரிச்சதுல இந்த மரத்துப் பக்கம் எங்களுக்கு வந்துருச்சுன்னு அவளுக்குப் பொகச்சல். காயிதத்தக் காட்டிக் கேட்டா என்ன சொல்றா தெரியுமா? 'நல்ல எடம், நன்றி'ன்னு எழுதியிருக்குதாம். செய்வின வெக்கறவன் நன்றி சொல்வானா? அவளே எழுதி அவளே படிச்சும் காட்டறா."

அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தத் தம்பதி எல்லா டப்பாவிலும் அதையேதான் எழுதுவார்கள்.

டப்பாவைக் காவிரியில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். தை மாதக் கடைசித் திங்கட்கிழமை வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள். பங்காளி வீடுகள் அத்தனையும் கல்லின் முன்னால் வரிசையாக அடுப்புக் கூட்டும். மூத்த வீட்டு அடுப்பிலிருந்து, அதாவது அவருடைய அடுப்பிலிருந்து, நெருப்பெடுத்துத்தான் மற்ற அடுப்புகள் எரிய வேண்டும். "இந்தத் தடவ அவளுக்குப் பான வெக்க எடமில்ல. எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

அப்போது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நான் மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரேங்கக்கா" என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஆப்பில் நாற்பத்தொன்றை நீக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'டப்பா காணவில்லை' என்று எழுதினேன். "மாடு தின்னிருக்கும்" என்று ஒருவர் போட்டார். அதற்கு நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

பிறகு சர்வே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், ஏன் சொல்ல வேண்டாம் என்பதற்குக் காரணங்களை எழுதினேன். ஒன்று, அடிக்க வந்தாலும் வருவார்கள். இரண்டு, அலுவலகச் சட்டையோடு போயிருக்கிறேன், வேலைக்கு ஆபத்து. மூன்று, மற்ற ஏழு பேரும் மாட்டுவார்கள். நான்கு, நாளானால் தானாக ஆறிவிடும். மூன்று வாரம் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு காரணங்களில் ஒன்றில்கூட அந்த ஓட்டு வீட்டுப் பெண் இல்லை. அவள் முகத்தையே நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

தை கடைசித் திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். மேல்சட்டையைப் போடவில்லை. நான் போனபோது கல்லின் முன்னால் ஐந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். கால்கட்டோடு ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆண்கள் ஒருபுறம் நின்றார்கள். அவர்களில் கைகட்டி, யாரோடும் பேசாமல் நின்றவர்தான் கொழுந்தனார் என்று பிறகு தெரிந்தது. ஓட்டு வீட்டு வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லிலிருந்து நாற்பது மீட்டர் இருக்கும். என் வயதைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"வாங்க கண்ணு, நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க" என்றார் அன்று மோர் கொடுத்த மூத்தவர்.

"அக்கா, அந்த டப்பாவ வெச்சது நான்தான். கல்லக் கழுவுனதும் நான்தான்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன். விளையாட்டை விளக்கினேன். மூத்தவரின் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"எதுக்குப் பாப்பா டப்பாவ ஒளிச்சு வெக்கறீங்க?"

"தேடறதுக்குங்க."

"யாரு தேடறதுக்கு?"

"எங்க ஆளுங்க."

"ஒளிச்ச எடத்த அவங்களுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லிருவோங்க."

"சொல்லிட்டு அப்பறம் என்னத்துக்குத் தேடறது?"

கூட்டம் சிரித்தது. மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீ அவ ஊரா? கன்னடம் தெரியுமா உனக்கு?" என்றார். சற்று முன்வரை 'நீங்க'வாக இருந்தவள் 'நீ' ஆகிவிட்டேன். போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "போட்டோ என்ன போட்டோ! செத்தவங்களையே போன்ல பேச வெக்கறாங்க இப்ப. யாரு சொல்லி வந்த நீ?"

அப்போதுதான் முப்பத்தெட்டு நினைவுக்கு வந்தது. அதே சாலையில், இரண்டு கிலோமீட்டரில், ஒரு சிறு பாலத்தை ஒட்டிய மைல்கல். அங்கேயும் என் டப்பா ஒன்று உண்டு. யாராவது என் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கட்டும், அம்புக்குறி வழி காட்டும் என்றேன். யாரும் அசையவில்லை. பிறகு கைகட்டி நின்றவர் கையை நீட்டினார். போனை வாங்கிக்கொண்டு பைக்கைக் கிளப்பினார்.

அவர் வருவதற்குள் பொங்கல் பொங்கியது. ஒரு பானையின் பொங்கலுக்கும் யாரும் குரல் கொடுக்கவில்லை.

இருபது நிமிடத்தில் திரும்பினார். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே, "அண்ணி, கெடச்சிருச்சு! அம்புக்குறி அப்படியே கல்லுகிட்டக் கொண்டுபோயி உடுது!" என்று கத்தினார். ஒரு நொடி அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு டப்பாவிலும் நான் அடைந்தது அதுதான். பிறகு அவருக்கே எங்கே நிற்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும், குரலை இறக்கிக்கொண்டார்.

டப்பாவைத் திறந்தார்கள். அதே பொம்மை, காலில் அதே சிவப்புக் கயிறு. காகிதத்தில் அதே கையெழுத்தில் கன்னடம். நாற்காலியில் இருந்த பையன் போனைக் காகிதத்தின் மேல் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தான். "நல்ல எடம், நன்றி."

மூத்தவரின் கணவர் மனைவியைப் பார்த்தார். "மைல்கல்லுக்கு எவன்டி செய்வின வெப்பான்?"

மூத்தவர் தன் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகைக் காலால் தள்ளினார். இரண்டாவது அடுப்புக்கும் தன்னுடையதற்கும் நடுவே ஒரு பானை வைக்கிற அளவு இடம் வந்தது. மூன்று கல்லைத் தானே தூக்கி வந்து போட்டார். பிறகு வாசற்படியைப் பார்த்து, யாரையும் அழைக்காத குரலில், "நேரமாவுது" என்றார்.

கொழுந்தனார் மனைவி பானையோடு வந்தாள். நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கு மோர் குடிச்சுட்டுப் போனீங்கல்ல, நான் அங்கருந்து பாத்துட்டுதான் இருந்தேன். கல்லுக்குப் பொறவால கைய உட்டு உட்டுத் தேடுனீங்க. டப்பாவத்தான் தேடறீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லிட்டுத்தான் போவீங்கன்னு நெனச்சேன்." பானையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "டம்ளரக் கழுவி வெச்சீங்க. வண்டிய எடுத்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள், நான் சொல்லியிருக்க வேண்டிய விதத்தில். தயார் செய்த மற்ற இரண்டு வாக்கியமும் என்னிடமே இருக்கின்றன.

அவள் மூன்று கல்லின் மேல் பானையை ஏற்றினாள். விறகை அடுக்கினாள். மூத்தவர் தன் அடுப்பிலிருந்து எரிகிற தென்னமட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது. அவள் குனிந்து ஊத ஆரம்பித்தாள். மூத்தவரின் கை நீட்டியபடியே இருந்தது. மட்டை எரிந்து எரிந்து விரலுக்குக் கிட்டே வந்ததும் அவர் அதைக் கீழே போட்டார்.