அம்மாசியின் கல்

கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டி, "இந்தப் பக்கமுங்களா?" என்கிறார் அம்மாசி. பிறகு சுட்டுவிரலை ஜீப்பின் முன்கண்ணாடிக்கு நேரே நீட்டி, "இல்ல, அந்தப் பக்கமுங்களா?" என்கிறார். எதிரே நிற்பவர் ஏற்காடு கடைவீதியில் பழம் விற்கும் தேவசிகாமணி. நாளைக்குக் காலையில் கொட்டச்சேடு போக வேண்டும் என்று அவர் சொன்னது சுத்தமான தமிழில்தான். ஆனாலும் நேற்றைப் பின்னாலும் நாளையை முன்னாலும் காட்டி, எதிராளி ஒன்றை ஒப்புக்கொள்ளும்வரை அம்மாசி சவாரி பேச மாட்டார்.

"நாளைக்குன்னுதானப்பா சொல்றேன். காது கேக்கலயா?"

"காது நல்லாத்தானுங்க கேக்குது. அதுதானுங்க வம்பே."

ஐம்பதைத் தாண்டிய ஆள். முன்னோர் காப்பித் தோட்டத்து வேலைக்குச் சமவெளியிலிருந்து நடந்தே மலையேறியவர்கள். இவர் மண்வெட்டியை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். மனைவி பொன்னாயியை "இந்தா" என்று மட்டும் கூப்பிடுகிறவர், ஜீப்பை மட்டும் மரியாதை குறையாமல் நடத்துவார். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கினால், "வாங்க, வாங்க, இன்னும் ஒரு வளைவுதானுங்க" என்று கெஞ்சுவார். அது ஏறிவிடும். தன்னையும் அப்படி ஒருநாள் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் பொன்னாயி, இதுவரை நடக்கவில்லை.

சில வருஷங்களாகத் தோட்டங்களுக்கு ஜார்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களை பஸ் நிலையத்திலிருந்து ஏற்றிப் போவது அம்மாசிதான். போகிற வழியிலேயே இந்தியையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். 'பானி' வந்தது, 'ஜல்தி' வந்தது, எதற்கும் தலையாட்டிச் சொல்ல 'அச்சா' வந்தது. 'கல்' மட்டும் தலையில் இடித்துக்கொண்டு வந்தது.

மழை விட்ட மறுநாள். முன்சீட்டில் இருந்த ஜார்கண்ட் பையன் மலைச்சரிவைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அதில் 'கல்' என்ற சொல் மட்டும் அம்மாசி காதில் விழுந்தது. மழைக்கு அடுத்த நாள் இந்தப் பாதையில் அந்தச் சொல்லைக் கேட்டால் எந்த டிரைவரும் செய்வதையே இவரும் செய்தார்: பிரேக்கை மிதித்தார். பின்னால் இருந்தவர்களின் நெற்றிகள் ஒன்றோடொன்று மோதின. உருண்டு வரும் பாறையை அம்மாசி மேலே தேட, பையன் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் பின்னால் வீசிக் காட்டினான். நேற்றைய மழையைத்தான் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கே டீக்கடையில் பாடம் நடந்தது. "நமக்குக் கல்லுன்னா கல்லு. அவிங்களுக்குக் கல்லுன்னா நேத்துங்க. நொம்பச் சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க. போன நாளு கல்லாட்டந்தானுங்களே, யாரு தள்ளுனாலும் நவுராது." கேட்டவர்கள் இவருக்கு 'இந்தி வாத்தியார்' என்று பட்டம் கட்டினார்கள். கிண்டல்தான். அம்மாசி அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு சாயங்காலம், தோட்டத்தில் வேலை பார்க்கும் புத்னி என்ற பெண் வந்து ஜீப்பை நிறுத்தினாள். கண்கள் கலங்கியிருந்தன. "கல்," என்றாள். "சேலம். ஸ்டேஷன். கல்." அம்மாசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நேற்று சேலம் போய் யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்திருக்கிறாள், பாவம், அந்த ஏக்கம். "அழுவாத கண்ணு," என்று தேற்றினார். "அச்சா, அச்சா," என்று இரண்டு தரம் தலையாட்டினார். அவள் கும்பிட்டுவிட்டுத் தெளிந்த முகத்தோடு போனாள். அதைப் பார்த்து அம்மாசிக்கும் மனசு நிறைந்தது. அன்று ராத்திரியே ஓமலூரில் மச்சினன் ஊட்டு விசேஷத்துக்கு ஜீப்பை இறக்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வரும்போது, தோட்டத்து கேட்டருகே புத்னி தன் பையின்மேல் உட்கார்ந்திருந்தாள். விடியுமுன்பிருந்து அங்கேயே இருக்கிறாள் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் ஜெயபிரகாஷ் சொன்னார். வேறு வண்டிக்குச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்றாளாம். ஜீப்காரர்தான் தலையாட்டியிருக்கிறாரே.

ஊரில் அவளுடைய அப்பா சாகக் கிடந்தார். அன்றைய ரயில் போய்விட்டது. அடுத்த நாள் ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான் என்று ரைட்டர் விளக்கினார். பின்னால் வரும் வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று தெரியும். புத்னி அதைச் சொல்லவில்லை, அம்மாசியின் இந்தியும் வினைச்சொல் வரைக்கும் போகவில்லை.

"அதெப்படிங்க, போனதுக்கும் வரப்போறதுக்கும் ஒரே சொல்லு?" என்று ஊட்டுக்கு வந்து புலம்பினார். "அதை வெச்சுக்கிட்டு எப்படிப் பொழைக்கறாங்க?"

பொன்னாயி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நாம மட்டும் என்னவாம்?" என்றார். "எழுந்து போறப்ப 'வர்றேனுங்க'ன்னுதான சொல்லறோம். கேக்கறவனுக்குப் புத்தி வேணும்."

அதற்குப் பிறகு அம்மாசியின் வாயில் இந்தி வரவில்லை. 'அச்சா' கூட. கை மட்டும்தான் பேசியது. ஒரே ஒரு சொல்லுக்காக மறுபடி ரைட்டரிடம் போனார்: மன்னிச்சுக்கன்னு எப்படிங்க சொல்லறது? 'மாஃப் கரோ' என்று ரைட்டர் சொல்லிக்கொடுத்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனவர், பாதியில் திரும்பி வந்து, இதுக்கும் வேற அர்த்தம் கிர்த்தம் இருக்குமுங்களா என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத ரைட்டர், அங்கெல்லாம் பிச்சைக்காரரை ஒன்றும் போடாமல் அப்பால் போகச் சொல்வதும் இதே சொல்லால்தான் என்றார். அந்தச் சொல்லையும் அம்மாசி அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

புத்னி திரும்பி வந்தபோது காப்பி பூத்துத் தோட்டமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பஸ் நிலையத்தில் நான்கைந்து ஜீப்புகள் நின்றன. அவள் நேராக இவருடைய ஜீப்புக்கு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். பையை வாங்கிப் பின்னால் வைத்த அம்மாசி, முகத்தை ரோட்டைவிட்டுத் திருப்பாமல் ஓட்டினார். ஏற்றம் வந்தது, ஜீப்பைக் கூட "வாங்க" என்று கூப்பிடவில்லை.

பாதி தூரத்தில் அவள் செல்போனை எடுத்தாள். முந்தானையால் திரையைத் துடைத்து அவர் பக்கம் நீட்டினாள். மண்சுவருக்கு முன்னால் கயிற்றுக் கட்டிலில் அவள் ஜாடையில் ஒரு கிழவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார்.

"பாபா," என்றாள்.

அம்மாசி ஜீப்பை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். இரண்டு கால்களையும் செருப்பிலிருந்து உருவிக்கொண்டார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, போனை இரு கைகளாலும் வாங்கினார்.