துணி போர்த்திய இயந்திரம்

எனக்கு எழுத வராது. ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவள். கோர்வையாகச் சொல்லத் தெரியாது, பலதும் மறந்துவிடுகிறது. அப்பாவின் ஓராண்டுத் திவச மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் அத்தை என்று தம்பி மகள் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்களும் படியுங்கள்.

தம்பி பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டார். நானும் அப்பாவும் பால் எடுக்க மரம் சீவப் போனோம், தம்பி படித்தார். வாத்தியாராகி, பிறகு ஈப்போ பக்கம் ஒரு தொழிற்கல்விப் பள்ளிக்கு முதல்வரானார். "படிப்பு ஏறாததுங்களுக்குப் பெரிய வாத்தியார்லா" என்று சொந்தத்தில் சிலர் சிரித்தார்கள். எது மறந்தாலும் சிரித்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பள்ளிப் பட்டறையில் இரும்பு கடையும் புது லேத் இயந்திரம் ஒன்று இருந்தது. நல்ல மார்க் வாங்கியவர்களைப் பிரித்து வைத்த முதல் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான் தொடலாம். மற்ற நேரம் துணி போர்த்தி வைப்பார்கள். மார்க் குறைந்தவர்களின் கடைசி வகுப்பு இரும்புத் தூளைக் கூட்டும். அதிகாரிகள் வந்தால் அந்த வகுப்பைத் திடலுக்குப் புல் வெட்ட அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அதில் இருந்தது எல்லாம் தோட்டத்திலிருந்தும் புந்தோங் குடியிருப்பிலிருந்தும் வந்த ஏழைப் பிள்ளைகள். தம்பி துணியை எடுத்தார். எல்லா வகுப்புக்கும் முறை வைத்தார். அதிகாரிகள் வந்த அன்று கடைசி வகுப்பையே இயந்திரத்தின் முன் நிறுத்தினார்.

எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், அப்போது அங்கே பெற்றோர் சங்கத் தலைவர். அவர் மகன் முதல் வகுப்பு. மறுநாளே வீட்டுக்கு வந்தார். நான் பால் கலக்காத தே ஓ கொண்டுபோய் வைத்தேன்.

"ஏன்டா தம்பி, அதுங்களுக்கு எதுக்குலா புது மெஷின்? வெளக்கமாத்தப் பிடிக்கத் தெரிஞ்சா பத்தாதா?"

"கூட்டறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குண்ணே? எஸ்டேட்லயே இருந்திருக்கலாமே, நம்ம அப்பாங்க மாதிரி."

"பெரிய முதல்வர் ஆயிட்டாரு. எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்."

தே ஓவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு மேலிடத்தில் ஏறி இறங்கினார். தம்பியை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தக் கடைசி வகுப்பில் படித்த பெண் ஒருத்தி பார்க்க வந்தாள். இப்போது சிம்பாங் பூலாயில் ஒரு பட்டறையில் வேலை. தம்பி அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"மெஷின் ஓடுதாம்மா?"

"இல்ல சார். என் தங்கச்சி அங்கதான் படிக்கிறா. மறுபடியும் துணி போட்டுட்டாங்களாம்."

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாவு வீட்டில் அண்ணன் எல்லாருக்கும் முன்னால் நின்று பெரிய மாலை போட்டார். என் தம்பி மாதிரி யார் வருவார் என்று அழுதார். நான் எப்போதும் போலத் தே ஓ கலக்கப் போனேன். இந்த மலரிலும் அவருக்கு நன்றி எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவுக்கு நன்றி. பந்தல் போட்டு, நாற்காலி தூக்கி, கடைசி வரை நின்ற கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றி.

இயந்திரத்தின் பெயரையும் ஊர்களையும் தப்பாக எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பள்ளிக்குப் போகக்கூடியவர் யாராவது இருந்தால், துணி இன்னும் அதன் மேல் கிடக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.