ஸம்ஸியா எழுதிய மூன்றாம் கூறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கல்முனையில் இருபத்தாறு வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவன். ஒப்பரேட்டர் அறைக்குள் இருந்து, சனம் உட்காரும் கதிரைகளின் சத்தத்தைக் கேட்டே கதை படித்தேன். சனம் எந்த இடத்தில் கச்சான் கடலை வாங்க எழும்புகிறதோ, அந்த இடத்தில் கதை செத்துவிட்டது. எந்தப் படத்துக்கும் மூன்று கூறு: கட்டு, முறுக்கு, அவிழ்ப்பு. ஒலுவில் கம்பஸில் படித்தவர்களே இதை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதனால்தான் கல்முனைக்குடி ஸம்ஸியா தன் திரைக்கதையை என்னிடம் மட்டும் காட்டினாள். தைத்துப் பிழைக்கிறவள். அவளுடைய புருஷன் பக்கீர் முகைதீன் கரைவலை இழுக்கப்போன காலையில் சுனாமி வந்தது. அடக்க மையத்துக் கிடைக்கவில்லை.

2009 ஜூன். வன்னியில் சண்டை முடிந்து ஒரு மாதம். உதவி நிறுவனம் ஒன்று கடல் அடித்த பெண்களிடம் திரைக்கதை கேட்டிருந்தது. தேறுகிறவளுக்குப் படப்பிரிவில் மாதச் சம்பளத்தோடு வேலை. நான் கதை பார்க்கப் போனது கடைசி நாள்; அன்று பகல் பன்னிரண்டுக்குள் எழுதியவளே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்பது மணிக்குப் போய்க் கதை எழுதிய கொப்பியை வாங்கினேன். கட்டு நன்றாக இருந்தது. கடல் புருஷனைக் கொண்டுபோகிறது, காத்திருப்பேன் என்று அவள் சத்தியம் செய்கிறாள். முறுக்கு அதைவிட நன்று. நாலு வருடம் பார்த்துவிட்டு, புருஷன் இறந்ததாக எண்ணி, வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இத்தா இருக்கலாம் என்கிறார் மௌலவி. மகன் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டு உயிரோடு இருக்கிறான், சண்டை முடிந்தால் வருவான் என்று மாமியார் மறிக்கிறார். சண்டையும் முடிகிறது. சண்டைக்குத் தப்பியவர்களின் முகாம் லிஸ்டுகளில் பெயர் இல்லை. ஒரு கதிரையும் முனகியிருக்காது. மூன்றாம் கூற்றில் கதவு தட்டப்படுகிறது. வாசலில் புருஷன்.

“தங்கச்சி, காத்திருப்பன் எண்டு முடிச்சுப் போட்டது ஆரு?” என்று ஸம்ஸியாவிடம் கேட்டேன்.

“அவள்தான்.”

“அப்ப அவிழ்க்கிறதும் அவள்தான். புருஷன் தானா வந்து நிண்டா அவளுக்கு அங்க என்ன வேலை?”

அவளுடைய மாமியார் சல்மா உம்மா அடுப்பை விட்டுவந்து குசினி வாசலில் நின்றார். தன் வீடு கடலோடு போனதிலிருந்து மருமகளோடுதான் இருக்கிறார்.

“கச்சிமுகம்மது, கொப்பியிலயும் என்ட மகன வரவிடமாட்டியா?”

றீல் அறுந்தால் திரைக்குச் செருப்பெறிகிற சனத்தைச் சமாளித்தவன் நான், அசையவில்லை. கதாநாயகியைப் பற்றித்தான் சொல்கிறேன் என்றேன். மணி பத்தைத் தாண்டியிருந்தது.

“அவள் இத்தா இருந்தா கதை சரியா வருமா காக்கா?” என்று என்னை அண்ணனாக அழைக்கிற ஸம்ஸியா கேட்டாள்.

வரும் என்றேன். யோசிக்கவேயில்லை.

“நீ இத்தா இருந்தா அவன் மௌத்தெண்டு ஆகிடும்” என்றார் சல்மா உம்மா.

“இருக்காட்டியும் அவர் இல்லயே மாமி.”

ஸம்ஸியா கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். பதினொன்றேகாலுக்கு எழும்பி, உடுத்து வருகிறேன் என்று அறைக்குள் போனாள். திறீவீல் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். பதினொன்றரை. அவள் வரவில்லை. குரல் கொடுத்தேன். அறைத் திரைக்குக் கீழால் கொப்பி மட்டும் வெளியே வந்தது. அதைத் தள்ளிய கையில் வெள்ளைச் சீலையின் ஓரம்.

“நீங்க கொண்டு குடுங்க காக்கா. இண்டையில இருந்து நான் வெளிய வரமாட்டன்.”

நேரில் போகாவிட்டால் எடுக்கமாட்டார்கள், ஒரு மணித்தியால வேலை, நாளைக்கு இருக்கலாமே என்று மன்றாடினேன். நான் மன்றாடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

“நாளைக்கெண்டா இருக்கமாட்டன். எனக்கு என்னப் பத்தித் தெரியும்.”

உதவிக்குச் சல்மா உம்மாவைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே வந்து, விலகியிருந்த திரையின் விளிம்பை இழுத்து ஆணியில் மாட்டினார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க அலுவலகத்துக்குள் நுழைந்தேன். எழுதியவர் எங்கே என்று கேட்டார்கள். நாலு மாதமும் பத்து நாளும் கழித்து வருவார் என்றேன். கொப்பியைத் திறக்காமலே திருப்பித் தந்தார்கள். வாசற்படியில் குந்தி மூன்றாம் கூற்றைப் படித்தேன். எத்தனையோ படத்தில் பிழை பிடித்தவன் நான். அதில் வெட்ட ஒரு வரி கிடைக்கவில்லை.

திரும்பிப் போனபோது திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். மெஷின் நின்றது.

“அவள் இத்தா இருக்கிற இடம் சரியா வந்திரிக்கா காக்கா?”

ஓம் என்றேன். மெஷின் மறுபடியும் ஓடியது.